விழுந்தவர் பேசக்கூடாது

மணல் விழத் தொடங்கிவிட்டது. சொல்லுங்க சுகிர்தா, மெல்லினி என்ன செய்யறா, என்று கேட்டுவிட்டு அனீஸ் குடுவையைக் கவிழ்த்து மேசை நடுவில் வைத்தார், இனி மேலே இருக்கும் நீல மணல் முழுக்கக் கீழே இறங்குவதற்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் என் முறை போய்விடும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் ரங்கன், என் கணவன். குடுவையை வாங்கி வந்தவனும் அவன்தான். இவ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ராட்சசனுக்கே வயசாயிடும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது அவன் சிரிக்கவில்லை. கட்டம் போட்ட வரைபடத்தின் மேல் அவனுடைய பொம்மை, விரல் உயரத்தில் ஒரு தகர வீரன், பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறான். விழுந்தவனை அப்படித்தான் கிடத்த வேண்டும். வஜ்ரன் என்று பேர் அவனுக்கு. சற்று முன்புதான் குகை ராட்சசன் அவனை அடித்தான். தண்டாயுதம் மார்புக் கவசத்தை உள்ளே அழுத்தியது, கவசம் விலா எலும்பை அழுத்தியது, விலா எலும்பு உடைந்து நுரையீரலுக்குள் போயிற்று, வஜ்ரன் வாயில் ரத்தம் நுரையாக வருகிறது என்று அனீஸ் நிதானமாகச் சொன்னார், வாயைத் திறங்க, கொஞ்சம் வலிக்கும், என்று சொல்வதைப் போல. அவர் பல் டாக்டர். போத்தனூரில் அவருடைய கிளினிக்குக்கு மேல்தான் வீடு, ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளினிக் பூட்டியிருக்கும், ஆனாலும் மாடிப்படி வழியாகக் கிராம்பு எண்ணெய் வாசம் ஏறி வந்துகொண்டே இருக்கும். அந்த வாசத்தில்தான் நாங்கள் கொல்வோம், சாவோம். கதையை அனீஸ் சொல்வார், நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்போம், அடி விழுந்ததா தப்பித்தோமா என்பதைப் பகடை சொல்லும். இன்றைக்குப் பகடை ரங்கனைக் கைவிட்டுவிட்டது. மணல் இறங்குகிறது. மெல்லிய நூல் போல இறங்குகிறது, இறங்குகிற இடத்தில் ஒரு சிறு குழி, அதைப் பார்க்காதே, வரைபடத்தைப் பார்.

விழுந்தவர் பேசக்கூடாது. இதுவும் ரங்கன் கொண்டுவந்த சட்டம்தான். முன்பு ஒருமுறை, எங்களோடு ஆடுகிற ஃபெலிக்ஸின் பழைய திருடன் செத்துப்போன பிறகும் ஃபெலிக்ஸ் சும்மா இருக்காமல், மச்சி இடது பக்கம் போ, அந்தப் பெட்டியைத் திற, என்று சொல்லிக்கொண்டே இருந்தார். செத்தவன் யோசனை சொன்னா அப்புறம் சாவுக்கு என்னடா மரியாதை என்று ரங்கன் கேட்டான், அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அன்று முதல் பாத்திரம் விழுந்துவிட்டால் அதை ஆடுகிறவர் வாயைத் திறக்கக்கூடாது, தன் முறை வரும்போது இருபது முகப் பகடையை உருட்டலாம், அவ்வளவுதான். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். குறைந்தால் சாவை நோக்கி ஓர் அடி. மூன்றாவது அடியோடு கதை முடிந்தது, அந்தப் பாத்திரம் திரும்பி வராது. வஜ்ரன் இரண்டு அடி வைத்துவிட்டான். எனக்கு அடுத்த முறை அவனுடையது. அதற்கு முன்னால் அவனைத் தொட்டு எழுப்பக்கூடியவள் என் பாத்திரமான மெல்லினி மட்டும்தான், அவளிடமும் ஒரே ஒரு மந்திரம்தான் மீதி. இது ரங்கனுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ரங்கன் எனக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், உதட்டை இறுக்கி மூக்கால் மூச்சு விடுகிறான், அந்த மூச்சு எனக்குக் கேட்கவில்லை, மேசை மேல் இருக்கிற அவன் கையில்தான் தெரிகிறது. வலது கை. உள்ளங்கை மேசையைப் பார்த்தபடி கவிழ்ந்து கிடக்கிறது. கல்யாணம் ஆனதிலிருந்து என் முறையில் அவன் குரல் இல்லாமல் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அதை எடுக்காத, இதை எடு, பின்னால நில்லு, மருத்துவச்சி முன்னால வரக்கூடாதுன்னு எத்தனை தரம் சொல்றது, என்று ஏதாவது ஒன்று அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும், சில நாள் என் பகடையையும் அவனே எடுத்து உருட்டிவிடுவான். இன்றைக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. இல்லை, சத்தம் இருக்கிறது, என் காதுக்குள் இருக்கிறது, டியூப் லைட் எரிவதற்கு முன்னால் ஒரு கம்மிய சத்தம் போடுமே, அது, வியாழக்கிழமையிலிருந்து எரியப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, எரியவில்லை.

நீளக் காது இருந்து என்ன பயன். மெல்லினிக்கு நீளக் காது. முதல் நாள் அனீஸ் தடித்த புத்தகத்தைத் திறந்து, முதல்ல எந்த இனம், அப்புறம் என்ன தொழில், இந்த ரெண்டையும் முடிவு பண்ணுங்க, மீதியெல்லாம் தானா வரும், என்று படங்களைக் காட்டினார். ஒரு பக்கத்தில் பாதி மனிதர், பாதி அரக்கரான அரை ஓர்க் இனப் பெண் ஒருத்தி நின்றாள். சாம்பல் பச்சைத் தோல், கீழ்த்தாடையிலிருந்து மேல் நோக்கி இரண்டு பல், கதவு அகலத்துக்குத் தோள், கையில் கோடரி, யாரையும் பார்த்துச் சிரிக்காத முகம். அந்த இனத்துக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு, சாகிற அளவுக்கு அடித்து வீழ்த்தினாலும் ஒரு தடவை எழுந்து நின்றுவிடுவார்கள். நான் அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தேன். ரங்கன் சிரித்தான், என் விரலை எடுத்துவிட்டு, இதுவா, கண்ணாடியில பார்த்திருக்கியா நீ, என்று சொல்லிப் பென்சிலை வாங்கி என் தாளில் அவனே எழுதினான். எல்ஃப். மருத்துவச்சி. மெல்லினி. குழுவில் மருத்துவம் பார்க்க ஆள் இல்லை, அதனால் யாரும் எதுவும் சொல்லவில்லை, எனக்கும் அது சரி என்றுதான் தோன்றியது. அடுத்த வாரம் சௌந்தரி வந்தாள். கணக்கு டியூஷன் எடுக்கிறவள், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது, அவள் புத்தகத்தைப் புரட்டி அதே படத்தைக் காட்டி இது வேணும் என்றாள், சரி என்று கொடுத்துவிட்டார்கள். அவள் விரலை யாரும் எடுக்கவில்லை. சற்று முன் ராட்சசன் அவளையும்தான் அடித்தான், தோள்பட்டை பிளந்து கை தோலில் தொங்குகிறது என்று அனீஸ் சொன்னார், சௌந்தரி தன் தாளைப் பார்த்துவிட்டு, நான் எந்திரிக்கறேன் என்றாள், அவ்வளவுதான், எழுந்து நின்று மற்றக் கையால் ராட்சசனின் முழங்காலில் கோடரியை இறக்கினாள், எலும்பு வரைக்கும். நீளக் காது எல்ஃப் இனத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. இலை விழுவதும் கேட்கும், அதற்குப் பகடையில் இரண்டு கூட்டிக்கொள்ளலாம். தூங்க வேண்டியதில்லை, கண்ணைத் திறந்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் போதும். வியாழக்கிழமைக்குப் பிறகு நான் அந்த இனம்தான். மனித இனத்துக்குப் பிறவிக் குணம் என்று எதுவுமே இல்லை, எல்லாவற்றிலும் ஒன்று கூட்டிக் கொடுத்துவிடுவார்கள். ரங்கன் மனிதன். தொழில், சத்திய வீரன். பொய் சொல்லமாட்டான், எளியவர்களைக் காப்பான், அவன் உள்ளங்கை பட்டால் சின்னக் காயங்கள் ஆறிவிடும். எனக்கு வஜ்ரனைப் பிடிக்கும், அதை மறைக்க முடியாது. பாலத்தில் ஓநாய்கள் மெல்லினியைச் சுற்றி வளைத்தபோது முன்னால் வந்து நின்றவன், ஓர் ஓநாயின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தவன், பிறகு திரும்பி, பயப்படாதே, என்று சொன்னவன், அதைச் சொன்னபோது ரங்கன் குரல் உண்மையாகவே உடைந்தது. ஞாயிறு சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரோடும்தான் நான் ஸ்கூட்டரில் ஏறுவேன். வீட்டு வாசலில் ஒருவன்தான் இறங்குவான்.

பாதி மணல் போயிருக்கும். ஃபெலிக்ஸ் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார், தூணுக்குப் பின்னால் அவருடைய குட்டைத் திருடன் ஒளிந்திருக்கிறான். போன ஞாயிறும் இப்படித்தான் இருந்தது. பாம்புக் குழியில் அந்தத் திருடன் விழுந்துகிடந்தான், வஜ்ரனுக்கும் வயிற்றில் வெட்டு, ஆனால் நின்றுகொண்டிருந்தான். நான் திருடனைத் தொட்டேன். விழுந்தவனைத்தானே முதலில் தொட வேண்டும். சிஸ்டர், உங்களுக்கு ஒரு கோயில் கட்டி உண்டியலும் நானே வச்சு அதை நானே திருடறேன், என்று ஃபெலிக்ஸ் கும்பிட்டார், எல்லோரும் சிரித்தோம், ரங்கன்தான் அதிகம் சிரித்தான். திங்கள் ஒன்றும் இல்லை. செவ்வாய் ஒன்றும் இல்லை. புதன் அவன் எனக்குப் பப்ஸ் வாங்கி வந்தான். வியாழன் சாயங்காலம் நான் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன், அவன் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று, அப்ப அவனைத்தான் முதல்ல பார்த்த இல்ல, என்றான். எனக்குப் புரியவில்லை, யாரை, எங்கே, ஆபீஸிலா, பஸ்ஸிலா, தேடித் தேடிப் பார்த்தேன், பிறகு பாம்புக் குழி ஞாபகம் வந்தது, வந்ததும் எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது, அது சும்மா விளையாட்டுங்க, என்றேன். முதலில் வெளிச்சம்தான் வந்தது. கண்ணுக்குள் வெள்ளையாக. பிறகு ஈயச் சட்டியின் விளிம்பு என் நெற்றிக்கு வந்தது, அல்லது நெற்றி அதனிடம் போயிற்று. இடியாப்ப உழக்கு தரையில் விழுந்து உருண்டது, உருளுவதைப் பார்த்தேன், ஒரு பக்கம்தான் கேட்டது. அவன் கை இன்னும் விரித்தபடி இருந்தது, கையில் மாவு ஒட்டியிருந்தது, என் கன்னத்தில் இருந்த மாவு. விளையாட்டுன்னு சொல்லாத, என்றான். குரலை உயர்த்தவே இல்லை. அதற்கு முன்னால் தோள் உண்டு, கதவு நிலை உண்டு, முடியைப் பிடித்து இழுத்து சுவரில் வைத்தது உண்டு, அவற்றுக்கெல்லாம் வேறு காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தேன். இதற்குத்தான் எதுவும் பொருந்தவில்லை. பாம்புக் குழி என்று எப்படிச் சொல்வது. யாரிடம் சொல்வது. குட்டைத் திருடன் ஒருவனைக் காப்பாற்றினேன், அதனால் எனக்குச் செவிப்பறை கிழிந்தது.

குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன் என்றுதான் காது டாக்டரிடம் சொன்னேன். அவர் விளக்கைக் காதுக்குள் அடித்துப் பார்த்து, சின்ன ஓட்டை, தானா மூடிக்கும், தண்ணி படாம பார்த்துக்கங்க, எப்படி ஆச்சு, என்று கேட்டிருந்தார். ரங்கன் பக்கத்தில் நின்று என் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் எழுதிக்கொண்டார். எழுதின பிறகு அது உண்மை மாதிரி ஆகிவிட்டது, குளியலறைக்குப் போகும்போதெல்லாம் நான் விழுந்த இடத்தைப் பார்த்து நடக்கிறேன். காதுக்குக் கீழே கழுத்தில் இறங்கிய கன்றலைத்தான் மறைக்க முடியவில்லை. எனக்குச் சாயப்பட்டறை ஆய்வுக்கூடத்தில் வேலை, துணியின் நிறத்தை விளக்குப் பெட்டிக்குள் வைத்து மாதிரியோடு ஒப்பிட வேண்டும், சிவப்பிலிருந்து அது நாவல்பழ நிறத்துக்கு வந்து, ஓரத்தில் பச்சை பிடிப்பதை ஒவ்வொரு காலையும் கண்ணாடியில் பார்த்தேன், வெளிநாட்டுக்காரர்கள் இந்த நிறத்தில் பனியன் கேட்பார்கள், நான் போட்டுக் கொடுப்பேன். இன்றைக்கு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தேன். என்னக்கா காதுல பஞ்சு, என்று சௌந்தரி கேட்டாள். தண்ணி போயிருச்சு, என்று ரங்கன் பதில் சொன்னான். அனீஸ் டீ ஊற்றிக்கொண்டே என் தாடையைப் பார்த்தார், அவர் தாடைகளைப் பார்த்துப் பழகியவர், கப்பை எனக்கு வலது பக்கமாக நீட்டினார், வலது பக்கமாக நின்றுதான் பேசினார். காயத்துக்குப் பேர் சொல்ல வேண்டும் என்பது அவர் சட்டம். வெறுமனே, குணப்படுத்தறேன், உயிர்ல எட்டு கூட்டிக்கங்க, என்றால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். எங்க வலிக்குதுன்னு சொல்லாம நான் எந்தப் பல்லைப் பார்க்கறது, என்பார். மருத்துவச்சி கையை வைத்து, காயம் எங்கே, எதனால், யாரால் என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பேர் சொல்லாத காயம் மூடாது. நான் நன்றாகச் சொல்வேன். வலது விலாவுக்குக் கீழே, ஈட்டியால், வடக்குக் காவலனால். கழுத்தோரம், பல்லால், ஓநாயால். இந்த மேசையில் எத்தனை காயத்துக்குப் பேர் சொல்லியிருக்கிறேன், எல்லாம் மூடியிருக்கின்றன. வஜ்ரனுக்கும் தயாராக இருக்கிறது, நாக்கு நுனியில் இருக்கிறது, மார்பு, தண்டாயுதத்தால், குகை ராட்சசனால். சொன்னால் போதும். ரங்கன் விரல் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. அது பேச்சு ஆகாது. தட்டலாம்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும். மெல்லினி இருக்கிற இடத்திலேயே நிற்பாள், கையைக் கட்டிக்கொண்டு, பின்னால், மருத்துவச்சி நிற்க வேண்டிய இடத்தில். ராட்சசன் குனிவான். தண்டாயுதத்தைத் தலைக்கு மேல் தூக்குவான், இரண்டு கையாலும், முழங்காலில் கோடரி வெட்டு இருப்பதால் கொஞ்சம் சாய்ந்து. முதல் அடியில் தலைக்கவசம் நசுங்கும். உள்ளே தேங்காய் உடைகிற சத்தம். கவசத்தின் கண் துளைகள் வழியாக வெளியே வருவது ரத்தமாக மட்டும் இருக்காது. இரண்டாவது அடி, அந்த வலது கையில், மணிக்கட்டில், எலும்பு பொடியாகிற வரைக்கும், விரல்கள் ஒவ்வொன்றாக, அவசரமில்லை, ராட்சசனுக்குக் குடுவை கிடையாது. கவசத்தைக் கழற்றிப் பார்த்தால் முகம் வஜ்ரனுடையது இல்லை, மீசையும் கண்ணாடியும் இருக்கிறது, கண்ணாடியின் ஒரு சில்லு கன்னத்தில் குத்தி நிற்கிறது, தண்டாயுதத்தைப் பிடித்திருக்கிற கை சாம்பல் பச்சை நிறத்தில் இருக்கிறது, அது என் கை, எவ்வளவு கனமாக, எவ்வளவு நன்றாக இருக்கிறது. உள்ளங்கையைப் புடவையில் துடைக்கிறேன். யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருக்குமோ. நிறுத்து. வஜ்ரன் செத்தால் இந்த மேசையில் சாவான், அதன் பிறகு டீ வரும், ஃபெலிக்ஸ் ஒரு பாட்டுப் பாடுவார், அதன் பிறகு நாங்கள் கிளம்புவோம். ஸ்கூட்டர். மேம்பாலம். அவன் முதுகு. கிரில் கேட்டைத் திறந்து, நான் உள்ளே போன பிறகு அவன் பூட்டுவான், எப்போதும் அவன்தான் பூட்டுவான், டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டுவான். வலது காது ஒன்று மிச்சம் இருக்கிறது. சரி, அப்படியானால் தொட்டுவிடு, எழுப்பிவிடு. எழுந்ததும் அவனுக்கு வாய் வந்துவிடும், பாருங்கடா என்ற சம்சாரத்தை, என்பான், உள்ளங்கையால் என் தலையைத் தட்டுவான், மெதுவாக, நல்ல புள்ள, என்பான். பிறகு ஸ்கூட்டர். மேம்பாலம். கிரில் கேட். எந்த வழியில் போனாலும் கிரில் கேட்டில்தான் வந்து நிற்கிறது, திரும்பவும் முதலிலிருந்து வருகிறேன், தொட்டால், தொடாவிட்டால், கேட், தொட்டால், தொடாவிட்டால். அவன் சாகவேண்டும் என்பதில்லை எனக்கு. வஜ்ரன் சாகவேண்டாம். வீட்டுக்குப் போகக்கூடாது. அவ்வளவுதான், இன்றைக்கு அந்த கேட்டுக்குள் போகக்கூடாது, அதற்கு எந்த மந்திரமும் தாளில் எழுதியிருக்கவில்லை, மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்துவிட்டேன். காது கம்முகிறது. பேர் சொல்லாத காயம் மூடாது. மணல் நூல் இப்போது தள்ளாடுகிறது, முடியப் போகிறபோது அது தள்ளாடும், மேலே ஒரு ஸ்பூன் இருக்குமா, அதுகூட இருக்காது. விழுந்தவர் பேசக்கூடாது. அவன் பேசக்கூடாது. அவனே வைத்த சட்டம். இந்த மணல் முடிகிற வரைக்கும், இந்த மேசையில், இத்தனை பேர் நடுவில், அவன் பேசக்கூடாது.

“குணப்படுத்தறேன்,” என்றேன்.

ரங்கனின் விரல் நின்றது. தோள் தளர்ந்தது. தகர வீரனை நிமிர்த்தக் கையைக்கூட நீட்டிவிட்டான்.

“யாரைங்க?” அனீஸ் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

“என்னை.”

ஃபெலிக்ஸ் என் தாளை எட்டிப் பார்த்தார், சிஸ்டர், மெல்லினி மேல ஒரு கீறல்கூட இல்லையே, நீங்கதான பின்னாடியே நின்னீங்க, என்றார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து உதவத்தான் வந்தார். நான் காதிலிருந்து பஞ்சை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தேன், வஜ்ரன் கிடக்கிற கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில். நுனியில் பழுப்பாக ஒரு கறை. முந்தானையை விலக்கினேன். மின்விசிறிக் காற்று கழுத்தில் பட்டது, எல்லோருடைய கண்ணும் பட்டது. அனீஸ் மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

“எங்கேன்னு சொல்லுங்க,” என்றார்.

“இடது காது.” என் குரல் எனக்கு ஒரு பக்கமாகத்தான் கேட்டது.

“எதனால?”

“உள்ளங்கையால.”

“சுகி,” என்றான் ரங்கன். நாற்காலி பின்னால் போயிற்று. “என்ன பேசற நீ. டேய், இவளுக்கு உடம்பு சரியில்ல, நாங்க கிளம்ப…”

சௌந்தரி எழுந்து நின்றாள். நின்றாலும் அவள் அவன் தோளுக்குத்தான் வருவாள். குரலில் எதுவும் இல்லை, பகடையில் விழுந்த எண்ணைப் படித்துச் சொல்கிற குரல்.

“விழுந்தவங்க பேசக்கூடாதுங்க.”

அவன் அவளைப் பார்த்தான், ஃபெலிக்ஸைப் பார்த்தான், அனீஸைப் பார்த்தான். வலது கை மேசை மேல் இருந்தது, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். குடுவையில் கடைசி மணல் குழிக்குள் சரிந்துகொண்டிருந்தது. அனீஸ் கையை நீட்டி அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார். மணல் இரண்டு பக்கமும் நின்றுவிட்டது.

“யாராலன்னு இன்னும் சொல்லல,” என்றார். “மெதுவாச் சொல்லுங்க. இங்க யாரும் எங்கயும் போகப் போறதில்ல. நீங்களும்தான்.”

வலது பக்கமாக வந்து நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார். முழுக்கக் கேட்டது. நான் கையைக் காதின் மேல் வைத்துப் பேர் சொன்னேன்.